சமைக்காத உணவு சாப்பிடுகிறவர் பல் தேய்க்க வேண்டுமா?

கேள்வி: சமைத்த சாப்பாட்டை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பழம், கீரை, கொட்டைகள், முளைகட்டிய பயறு, அவ்வளவுதான். ஈறில் ரத்தம் கசிவது நின்றுவிட்டது, வாய் நாற்றமும் இல்லை. காட்டு விலங்கு எதுவும் பல் தேய்ப்பதில்லை என்று பிரஷையும் பேஸ்டையும் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது கொஞ்ச நாளாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் முன்பற்கள் கூசுகின்றன. உடம்பு கழிவை வெளியேற்றும்போது இப்படித்தான் இருக்கும், தானாகப் போய்விடும் என்கிறார்கள். சரிதானா?

பிப்ரவரி 4

சரியில்லை. பல்லின் மேல் கவசமான எனாமல் எந்தக் கழிவையும் வெளியேற்றாது. அதில் உயிரணுவே கிடையாது. எடையில் 96 சதவீதம் தாது உப்பு, மிச்சம் கொஞ்சம் நீரும் புரதமும். அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே போய்விட்டன. தோலில் காயம் பட்டால் ஆறும், எலும்பு முறிந்தால் கூடும். போன எனாமல் போனதுதான். மேலோட்டமாக மிருதுவானதை மட்டும் உமிழ்நீரால் ஓரளவு திரும்பக் கெட்டிப்படுத்த முடியும்.

குளிர் பட்டுக் கூசுகிறது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எனாமல் மெலிந்திருக்கும், அல்லது ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியும். இரண்டிலும் அடியில் உள்ள டென்டின் வெளிப்படுகிறது. டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள், அவற்றில் திரவம். குளிர் பட்டதும் அது நகர்ந்து உள்ளே இருக்கும் நரம்பைச் சீண்டுகிறது. இதில் நச்சு நீக்கம் எங்கே வருகிறது?

ஈறு நன்றாக இருப்பதாகச் சொல்வதை நம்புகிறேன். ஆனால் ஈறு தேறிக்கொண்டே பல் தேய்ந்துகொண்டும் இருக்கலாம். ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதில்தான் சமைக்காமல் சாப்பிடும் நாம் எல்லாரும் மாட்டுகிறோம்.

பிப்ரவரி 4, இரவு

எண்களைப் போடாமல் விட்டுவிட்டேன். பல்லைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டின் இன்னும் பாவம், அதற்கு 6க்குச் சற்று மேலேயே ஆபத்து ஆரம்பம். எலுமிச்சைச் சாறு 2லிருந்து 2.6 வரை. ஆரஞ்சு, ஆப்பிள், அன்னாசி, திராட்சை எல்லாம் 3க்கும் 4க்கும் நடுவில் சுற்றும். தக்காளி 4க்குக் கொஞ்சம் மேல். வாழைப்பழம் 5ஐ ஒட்டி. வெண்ணெய்ப்பழம், கீரை 6 பக்கம். பிஎச் அளவில் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு என்பதை மறக்க வேண்டாம். 3.5க்கும் 5.5க்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு இல்லை, நூறு மடங்கு.

இதைப் படித்துவிட்டுப் பழத்தை விட்டுவிடாதீர்கள். உமிழ்நீர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அதில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை அடக்கும், கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்குத் திரும்பப் போகும். அதற்குத் தேவை நேரம்தான். அந்த நேரத்தைக் கொடுக்கிறோமா என்பதே கேள்வி. காலையில் ஆரஞ்சு, பத்து மணிக்குத் திராட்சை, மதியம் எலுமிச்சை பிழிந்த சாலட், நாலு மணிக்கு ஸ்மூத்தி, நடுநடுவே ஒரு பேரீச்சை. வாய் எப்போதுதான் ஓய்வெடுக்கும்?

பிப்ரவரி 6

"சொத்தையும் அமிலத் தேய்வும் ஒன்றுதானே" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. சொத்தையில் அமிலம் தயாரிப்பது பாக்டீரியா. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸும் அதன் கூட்டாளிகளும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகின்றன. இது பல்லில் பாக்டீரியாப் படலம் தேங்குகிற இடங்களில், பல் இடுக்கில், பள்ளத்தில் நடக்கும். தேய்வில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. உணவில் உள்ள அமிலம் நேரடியாகப் பரப்பைக் கரைக்கும். அதனால்தான் சுத்தமான, பளபளப்பான, படலமே இல்லாத வாயிலும் தேய்வு வரும். பளபளப்பு கூடுவதே சில சமயம் அதன் முதல் அறிகுறி. பல் மினுங்குகிறது என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

பழம் மட்டும் தின்கிறவருக்கு இரண்டும் வரலாம். ஆரஞ்சு பல்லைத் தேயவைக்கும், பேரீச்சையும் உலர்திராட்சையும் சொத்தைக்கு வழி செய்யும். பேரீச்சையில் எடைக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. அது இயற்கையானதா, வெள்ளைச் சர்க்கரையா என்று மியூட்டன்ஸ் விசாரிப்பதில்லை.

எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பது முக்கியம். இதைக் காட்டிய ஆய்வு பார்க்கவே வெட்கக்கேடானது. 1940களில் ஸ்வீடனில் விபேஹோல்ம் என்ற, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகத்தில், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாய் கொடுத்துப் பல்லைச் சொத்தையாக்கிப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டுக்கு நடுவே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குச் சொத்தை எகிறியது. 1954இல் வெளியானது. இன்றைக்கு யாரும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் பல் மருத்துவர் "நடுவில் கொறிக்காதே" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த நோயாளிகளின் பல்தான் பேசுகிறது.

பிப்ரவரி 7

காட்டு விலங்கு பற்றி: அது எலுமிச்சை பிழிந்து குடிப்பதில்லை, அதனிடம் மிக்சி இல்லை, அறுபது வயது வரை வாழும் திட்டமும் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. பல் போன விலங்கு வந்து நம்மிடம் அனுபவம் எழுதப் போவதுமில்லை.

பிப்ரவரி 15

சமைக்காத உணவால் பல் தேய்கிறது என்பதற்கு ஆய்வு இருக்கிறதா, இல்லை பல் மருத்துவர்கள் பயமுறுத்துகிறார்களா என்று ஒருவர் சீறியிருக்கிறார். இருக்கிறது. ஜெர்மனியில் நடந்து 1999இல் வெளியானது. உணவில் குறைந்தது 95 சதவீதம் சமைக்காமல் சாப்பிடும் 130 பேரின் பற்களைச் சோதித்து, சாதாரணமாகச் சாப்பிடும் 76 பேரோடு ஒப்பிட்டார்கள். ஒரு பல்லிலாவது கடுமையான தேய்வு இருந்தவர்கள் சமைக்காத உணவுக்காரர்களில் 60.5 சதவீதம், மற்றவர்களில் 31.6. தேய்வே இல்லாதவர்கள் நம் பக்கம் 2.3 சதவீதம், அவர்கள் பக்கம் 13.2.

ஒரே கட்டுரையில் நமக்குப் பிடிக்காததும் இருக்கிறது, புரியாததும் இருக்கிறது. சமைக்காத உணவுக் குழுவுக்குள்ளேயே யார் எதை எவ்வளவு தின்றார் என்பதற்கும் தேய்வுக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. ஆக "சிட்ரஸை விட்டுவிட்டேன், தப்பித்தேன்" என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. என் ஊகம், எல்லாருமே ஏகத்துக்குப் பழம் தின்றதால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது. ஊகம்தான்.

சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களிலும் ஒருவர் இருவருக்கு அல்ல, நூற்றுக்கு 87 பேருக்குத் தேய்வு இருந்ததையும் கவனியுங்கள். இது நம் ஒரு கூட்டத்தின் வியாதி இல்லை. நாம் கொஞ்சம் வேகமாகப் போகிறோம், அவ்வளவே.

பிப்ரவரி 16

சொந்தக் கதை கேட்டீர்கள்.

நானும் பழக்காரன்தான். கடைவாய்ப்பல் ஒன்றில் பழைய அடைப்பு இருந்தது. ஒரு நாள் நாக்கால் தடவினால் அடைப்பு மேடாகத் தட்டுப்பட்டது. அடைப்புதான் வெளியே வருகிறது என்று நினைத்துப் போனேன். மருத்துவர் பார்த்துவிட்டு, அடைப்பு அதே இடத்தில் இருக்கிறது, சுற்றியிருக்கும் பல்தான் கீழே போயிருக்கிறது என்றார். பல்முனைகளில் சின்னச் சின்னக் குழிகள், முன்பற்களின் விளிம்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது. இவை தேய்வின் பாடப்புத்தக அறிகுறிகள் என்று பிறகு தெரிந்தது.

அடுத்து அவர் கேட்டது, "அடிக்கடி வாந்தி எடுப்பீர்களா?" கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. வயிற்று அமிலம் எலுமிச்சையைவிட மோசம். நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு இருந்தால் மேல்பற்களின் உட்பக்கம் தேயும். ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன். இரவில் புளித்த ஏப்பம் வருகிறவர் ஆரஞ்சின் மேல் மட்டும் பழி போட வேண்டாம்.

பழத்தையே நிறுத்து என்றார். அதை நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் நேரத்தைச் சுருக்கினேன். பழம் வேளையோடு, ஒரே உட்காரலில். ஸ்மூத்தியைக் கணினி பக்கத்தில் வைத்து இரண்டு மணி நேரம் உறிஞ்சும் பழக்கம் போய்விட்டது. வேளைகளுக்கு நடுவே வெறும் தண்ணீர். கூச்சம் படிப்படியாகக் குறைந்தது. குழிகள் அப்படியே இருக்கின்றன.

மார்ச் 1

ஈறு விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கே இரண்டு மனது.

பழைய பாடம் தெளிவாக இருந்தது. ஹரால்டு லோ என்ற ஈறு ஆய்வாளர் டென்மார்க்கில் செய்து 1965இல் வெளியிட்டது. ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. படலம் சேர்ந்தால் ஈறு வீங்கும், முடிந்தது கதை. இதை வைத்து கேள்வி கேட்டவரை ஒரு தட்டு தட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனால் 2009இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு குறுக்கே நிற்கிறது. பத்துப் பேரை நான்கு வாரம் கற்கால வாழ்க்கை வாழவைத்தார்கள். பிரஷ் இல்லை, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான ஃப்ளாஸ் இல்லை, ஆலைச் சர்க்கரையும் இல்லை. படலம் கூடியது. ரத்தக் கசிவோ குறைந்தது! ஆக, நீங்கள் சொல்லும் ஈறு அனுபவம் கற்பனை இல்லை, அப்படி நடக்க வழி இருக்கிறது. எவ்வளவு படலம் என்பதோடு அதில் யார் குடியிருக்கிறார்கள், நாம் அவர்களுக்கு என்ன ஊட்டுகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது.

உடனே குதிக்க வேண்டாம். பத்தே பேர், நான்கே வாரம். அவர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள், தானியமும் இறைச்சியும் சாப்பிட்டார்கள். சமைக்காததால் ஈறு தேறியது என்று அதிலிருந்து எடுக்க முடியாது. சர்க்கரையும் மைதாவும் போனதால் தேறியது என்று வேண்டுமானால் எடுக்கலாம். நம்மில் நாள் முழுக்கப் பேரீச்சை தின்கிறவருக்கு அந்த லாபமும் கிடையாது.

மார்ச் 1, பிறகு

வைட்டமின் சி பற்றியும் கேட்டார்கள். அது இல்லாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கொட்டும் என்பது உண்மை. கொலாஜன் கட்ட அது வேண்டும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இல், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்த இருவர் சீக்கிரம் எழுந்ததைப் பார்த்தார். குறை இருக்கிறவருக்குக் கொடுத்தால் அற்புதம். ஏற்கனவே வயிறு நிறையப் பழம் தின்கிறவருக்கு மேலும் எலுமிச்சை சேர்த்தால் ஈறுக்கு ஒன்றும் கூடாது, பல்லுக்குத்தான் அடி. மெல்லும் வைட்டமின் சி மாத்திரையும் அமிலமே.

மார்ச் 3

சமைக்காத உணவில் ஈறுக்கு நிஜமாக நல்லது செய்வது பழமாக இல்லாமல் கீரையாக இருக்கலாம். 2016இல் ஜெர்மனியில் 44 ஈறு நோயாளிகளுக்கு இரண்டு வாரம் லெட்யூஸ் கீரைச் சாறு கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சாதாரணச் சாறு, பாதிப் பேருக்குக் கீரையில் இயல்பாக உள்ள நைட்ரேட்டை நீக்கிய அதே சாறு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. நைட்ரேட் உள்ளதைக் குடித்தவர்களுக்கு ஈறு அழற்சி குறைந்தது. நாக்கின் பின்பக்கத்தில் இருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு கிடைக்கிறது. நல்ல பாக்டீரியா வேலை பார்ப்பதை நேரில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

இதனால் ஒரு உபகதை: கிருமிகளை ஒட்டுமொத்தமாகக் கொல்லும் மவுத்வாஷைத் தினமும் கொப்பளித்தால் இந்த பாக்டீரியாவும் சாகும். மருத்துவர் சொன்னால், சொன்ன காலத்துக்கு மட்டும் போதும்.

பசலைக்கீரையைப் பச்சையாக மென்றால் பல்லில் மாவு பூசினாற்போல் இருக்கிறதே என்று பயந்தவருக்கு: அது ஆக்சலேட் படிகம். தேய்வு இல்லை.

மார்ச் 9

"விவசாயம் வருவதற்கு முன்பு சொத்தையே கிடையாது" என்று எழுதியவர் மொராக்கோவின் டஃபோரால்ட் குகையைப் பற்றிப் படிக்கட்டும். 15,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த வேட்டை உணவு சேகரிப்பாளர்களின் எலும்புகளில், வயதுவந்தவர்களின் பற்களில் பாதிக்கு மேல் சொத்தை. காரணம் கருவாலி (ஓக்) மரக் கொட்டையும் பைன் விதையும். ஆலை இல்லை, மைதா இல்லை, ஒட்டும் மாவுச்சத்து போதுமானதாக இருந்தது.

மார்ச் 9

ஆமாம், அவர்கள் கொட்டையை வேகவைத்திருக்கலாம். எனக்கும் தெரியும். என் வாதம் சமைப்பதைப் பற்றியது இல்லை.

மார்ச் 20

எப்படித் தேய்ப்பது என்று மட்டும் கேட்டவர்களுக்கு.

மிருதுவான பிரஷ். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து, சின்ன அசைவு. அழுத்த வேண்டாம். ஈறு இறங்கியவர்களில் பலர் பல் தேய்க்காதவர்கள் இல்லை, வெறியோடு தேய்த்தவர்கள். காலையில் பழத்துக்கு முன்பே தேய்த்துவிடுங்கள். பழம் தின்ற கையோடு தேய்ப்பது ஊறிய சுவரைச் சுரண்டுவது போல. தின்ற பிறகு தண்ணீரால் கொப்பளித்தால் போதும். இரவுத் தேய்ப்பைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும். இரவு கடைசியாகப் பேரீச்சை தின்றுவிட்டுப் படுப்பது எல்லாவற்றிலும் மோசம்.

பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் அல்லது இடுக்கு பிரஷ். "ஆப்பிளும் கேரட்டும் கடித்தால் பல் தானாகச் சுத்தமாகிவிடும்" என்பது நம் கூட்டத்தின் பிரியமான நம்பிக்கை. கடிக்கும் பரப்பில் கொஞ்சம் உரசும். ஈறோரத்துக்கும் இடுக்குக்கும் ஆப்பிள் போகாது, நோய் ஆரம்பிப்பதோ அங்கேதான். போதாக்குறைக்கு ஆப்பிளே அமிலம்.

கரித்தூள், களிமண், சாம்பல் வேண்டாம். வெள்ளையாக்குவது போல் தோன்றுவது உராய்வு. மெலிந்த எனாமலுக்கு அது துளியும் வேண்டாத பொருள்.

மார்ச் 21

பேஸ்டில் ஃப்ளோரைடு வேண்டுமா என்ற சண்டை ஆரம்பித்துவிட்டது. எதிர்பார்த்தேன்.

என் நிலை: வயதுவந்தவர் தேய்த்துத் துப்பும் பேஸ்டில் இருக்கும் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) ஃப்ளோரைடைப் பற்றி நான் பயப்படவில்லை. அது சேர்ந்த எனாமல் சுமார் 4.5 பிஎச் வரை தாங்கும். சொத்தைக்கு எதிராக அதைவிட நிரூபிக்கப்பட்டது எதுவும் கடையில் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். எலுமிச்சை 2.5. அங்கே 4.5 வரை தாங்கும் எனாமலும் கரையும். எனவே நேரடி அமிலத் தேய்வுக்குச் சாதாரண ஃப்ளோரைடு அரைக் கவசம்தான். வெள்ளீயம் சேர்ந்த ஸ்டான்னஸ் ஃப்ளோரைடு அதில் கொஞ்சம் மேல். "ஃப்ளோரைடு போடுகிறேன், எவ்வளவு எலுமிச்சையும் குடிப்பேன்" என்பதும் பேத்தல், "இயற்கையாகச் சாப்பிடுகிறேன், ஃப்ளோரைடு எதற்கு" என்பதும் பேத்தல்.

ஏப்ரல் 2

அமிலம் உள்ளதைத் தின்ற பின் பல் தேய்க்க அரை மணி நேரம் காத்திரு என்று பலரும் சொல்லும் விதியை யோசித்தேன். மிருதுவான எனாமல் அரை மணியில் முழுதாகக் கெட்டிப்படுவதில்லை. எனவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில் பெரிய பாதுகாப்பு இல்லை என்று சொல்பவர்களும் பல் மருத்துவர்களில் உண்டு. அதனால் "முன்பே தேய்" என்பதை வைத்துக்கொள்கிறேன், "அரை மணி" என்பதைப் பிடித்துத் தொங்க மாட்டேன். எத்தனை தடவை அமிலம் படுகிறது என்பதைக் குறைக்காமல் இந்த நிமிடக் கணக்கில் மயங்கிக் கிடப்பது வேடிக்கை.

ஏப்ரல் 3

ஸ்ட்ரா வைத்துக் குடித்தால் தப்பிக்கலாமா? நுனியை முன்பல்லுக்குப் பின்னால் வைத்தால் முன்பல் கொஞ்சம் தப்பும். வாயில் வைத்துக் கொப்பளித்துச் சுவைக்கும் ஆசாமி என்றால் ஸ்ட்ராவாலும் பயனில்லை.

ஏப்ரல் 18

நாக்கு சிவந்து வழுவழுப்பாகி எரிகிறது, வாய்ப்புண் வந்து வந்து போகிறது என்று எழுதியவருக்கு. இது பல் சமாசாரம் இல்லை. விலங்குப் பொருள் எதுவும் இல்லாமல் பல காலம் சாப்பிடுகிறவர் முதலில் வைட்டமின் பி12 அளவைச் சோதிக்க வேண்டும். இரும்புச் சத்தையும். தாவரத்தில் நம்பத்தக்க பி12 கிடையாது. கழுவாத கீரையில் இருக்கும், கடல்பாசியில் இருக்கும் என்பதெல்லாம் நம்பி நரம்பைப் பணயம் வைக்கும் வேலை. மாத்திரை போடுங்கள். சமைக்காத உணவு என்ற கொள்கைக்கு மாத்திரையால் ஒரு பங்கமும் வராது, அதை யாரும் சமைப்பதில்லை.

ஊறவைக்காத பாதாமைக் கடித்துப் பல் விரிசல் விட்டவர் கதையும் வந்திருக்கிறது. பழைய பெரிய அடைப்பு உள்ள பல்லில் கெட்டிக் கொட்டையைப் போடாதீர்கள்.

மே 11

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். முன்பற்களில் தேய்வு என்றும், கீழ் முன்பற்களின் உட்பக்கம் காரை கட்டியிருக்கிறது என்றும், ஈறில் ரத்தம் இல்லாதபோதும் இரண்டு இடத்தில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் ஆழப் பை இருக்கிறது என்றும் பல் மருத்துவர் சொன்னாராம்.

காரை அங்கே கட்டுவது வழக்கம். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் தாதுக்களே படலத்தைக் கல்லாக்குகின்றன. பிரஷால் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு சில நாள் கூடுதலாகக் கூசும். அதை வைத்து "சுத்தம் செய்து கெடுத்துவிட்டார்கள்" என்று புதிய விவாதம் தொடங்காதீர்கள்.

பை பற்றி: 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். 5 என்றால் உள்ளே எலும்பு இறங்க ஆரம்பித்திருக்கலாம், எக்ஸ்ரே பார்க்க வேண்டும். ரத்தம் வராததால் ஈறு நோய் இல்லை என்று மார்ச்சில் நாம் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். புகைபிடிக்கிறவர்களுக்கு ரத்தம் வராமலேயே எலும்பு போகும். நீங்கள் பிடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனாலும் ரத்தத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்ட முடியாது, அளவுக்கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மே 12

அப்புறம் ஒன்று. பற்களைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அச்சும். தேய்வு மாதக் கணக்கில் கண்ணாடியில் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் நின்றுவிட்டதா, ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். ஓடினால் தடவைகளைக் குறையுங்கள். அப்போதும் ஓடினால் நெஞ்செரிச்சலைச் சோதியுங்கள். அதற்குப் பிறகுதான் எந்தப் பழம் என்ற பேச்சு.